இது அந்த ஒபாமா இல்லை!

டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த முதல் வாரமே எல்லோருக்கும் புரிந்துவிடுகிற பாடம் ஒன்று உண்டு. தலைப்பில் ஒரு பிரபலத்தின் பெயர் இருந்தால், கட்டுரை பாதி தூரம் தானாகவே நடந்துவிடும். நடிகர், கிரிக்கெட் வீரர், அதிபர் என யாராக இருந்தாலும் சரி. ஜர்னலிசம் டிப்ளமோவில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. அப்படியிருக்க, ஒரு புழுவுக்கே 'ஒபாமா' என்று பெயர் என்றால், எங்கள் டெஸ்க் எப்படித் துள்ளியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றியது அந்த வீடியோ. பாசி பிடித்த துணி துவைக்கும் கல். அதன் ஓரமாக வழுக்கிக்கொண்டு போகிறது கறுத்த, ரிப்பன் மாதிரி நீளமான ஒரு புழு. தலை மட்டும் மண்வெட்டி போல விரிந்திருக்கிறது. பின்னணியில் பதற்றமாக ஒரு குரல்: ''அமெரிக்க முன்னாள் அதிபர் ஒபாமாவின் பெயர் வைக்கப்பட்ட விஷப்புழு இது. தொட்டால் உயிர் போய்விடும். எல்லோருக்கும் ஷேர் செய்யுங்கள்.'' எங்கள் குடும்ப குரூப்பிலேயே மூன்று பேர் ஷேர் செய்திருந்தார்கள். மூவருமே என் சித்திகள்.

''நாப்பது நிமிஷத்துல ஒரு சின்ன செக் ஸ்டோரி கொடு'' என்றார் டெஸ்க் சீனியர் அக்கா. ''அதிபர் பேர்ல புழுன்னு தலைப்பு வைக்கலாமா பாரு.''

நாற்பது நிமிடத்தில் எழுத வேண்டியது எளிதாகவே இருந்தது. வீடியோவில் இருந்தது ஒபாமா புழுவே இல்லை. விரிந்த தலை இருந்தால் அது சுத்தியல் தலைப் புழு. அறிவியல் பெயர் பைபாலியம். லத்தீனில் அது மண்ணைக் கொத்தும் ஒரு கருவியின் பெயர், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஈரமான தொட்டி, செங்கல், சாக்கு இவற்றுக்கு அடியில் உங்களில் பலரும் இதைப் பார்த்திருப்பீர்கள். விஷம் என்பதில் மட்டும் ஒரு துளி உண்மை இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் இரண்டு இனங்களின் உடலில் டெட்ரோடோடாக்ஸின் என்ற நச்சு இருப்பதை 2014-ல் உறுதி செய்தார்கள். பேத்தை மீனில் இருக்கும் அதே நச்சு. ஆனால், தொட்டவுடன் உயிர் போகும் என்பது கட்டுக்கதை. வெறுங்கையால் எடுக்காதீர்கள், குழந்தைகளைத் தொட விடாதீர்கள், தொட்டுவிட்டால் சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள். அவ்வளவுதான்.

ஸ்டோரி போய்விட்டது. ஆனால், அந்தப் பெயர் என்னை விடவில்லை. அப்படியானால் உண்மையான ஒபாமா புழு எது? அதற்கு ஏன் அந்தப் பெயர்?

இரவு ஷிஃப்ட்டில் டெஸ்க் கொஞ்சம் ஓயும் நேரங்களில் தேட ஆரம்பித்தேன். கிடைத்தது 2013-ல் 'ஜூவாலஜிக்கா ஸ்கிரிப்டா' என்ற இதழில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. சாவோ பாலோ பல்கலைக்கழகத்தின் ஃபெர்னாண்டோ கார்பாயோவும் அவருடைய கூட்டாளிகளும் எழுதியது. தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் தட்டைப்புழுக்களின் குடும்ப மரத்தை டி.என்.ஏ. உதவியோடு மறுபடி வரைந்த அந்தக் கட்டுரையில்தான் 'ஒபாமா' என்ற புதிய பேரினம் பிறந்தது.

பேரினம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் ரேஷன் கார்டு. தாத்தா காலத்தில் ஒரே கார்டில் பதினெட்டுப் பேர் இருப்பார்கள். பெரியப்பா மகன், சித்தப்பா மருமகள், யார் என்றே தெரியாத ஒருவர் என எல்லோரும் அதில் அடக்கம். இந்தப் புழுக்களுக்கு அப்படி இருந்த பழைய கார்டுதான் ஜியோப்ளானா. 1857-ல் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் போட்டது. தென் அமெரிக்காவில் தட்டையாக, தரையில் ஊரும் புழு எது கிடைத்தாலும் அதற்குள் தூக்கிப் போட்டுவிடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு கார்பாயோ குழு கார்டைப் பிரித்தது. ஜியோப்ளானா மார்மொராட்டா என்று 1857-லிருந்து பதிவில் இருந்த புழு, ஒபாமா மார்மொராட்டா ஆனது. நம் ஊர் வழக்கத்தில் சொன்னால், பெயர் அப்படியே இருக்க, இனிஷியல் மட்டும் மாறிவிட்டது. ஆக, புதிய பேரினம் என்றால் எல்லாமே புதுப் புழுக்கள் என்று பொருளில்லை. காலம் காலமாகக் கண்ணெதிரே இருந்தவற்றின் உறவை இப்போதுதான் சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த உறவைப் பார்ப்பது எவ்வளவு சிரமம் என்று படித்தபோதுதான் எனக்கு இந்தப் புழுக்காரர்கள் மீது பெரிய மரியாதை வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இவற்றில் பல ஒன்று போலவே இருக்கும். நுரையீரல் கிடையாது, ரத்த ஓட்டம் கிடையாது. தோல் வழியாகத்தான் மூச்சு, அதனால்தான் உடம்பு தட்டை. உடலோரமாகப் புள்ளி புள்ளியாக ஏராளமான கண்கள், ஒபாமாக்களுக்கு அவை முதுகு வரை பரவியிருக்கும். வாய் இருப்பது வயிற்றின் நடுவில். சாப்பாடு உள்ளே போவதும் சக்கை வெளியே வருவதும் அந்த ஒரே வழியில். (சாப்பிட்டுக்கொண்டே போனில் படிப்பவர்கள் மன்னிக்கவும்.) இப்படி எல்லோரும் ஒரே சாயலில் இருந்தால் எதை வைத்துப் பிரிப்பது? உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை வைத்துத்தான். ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணும் சேர்ந்த உடல். அந்த உறுப்புகள் மிகச் சிறியவை.

அதைப் பார்க்கப் புழுவைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, ஒரு கருவியால் சீவுகிறார்கள். வாழைக்காய் சிப்ஸ் சீவுவது போலத்தான். ஆனால் ஒவ்வொரு சீவலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிமன். ஒன்றுகூட வரிசை மாறக் கூடாது. அவற்றைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்து, முழு உறுப்பையும் மனதுக்குள்ளேயே மறுபடி கட்ட வேண்டும். ஒரே ஒரு புழுவுக்கே இந்தப் பாடு. 2013 கட்டுரையில் பெயர் உள்ளவர்களில் ஒருவரான யூடோக்ஸியா ஃப்ரோலிக், பிரேசில் தட்டைப்புழுக்களைப் பற்றி 1950-களிலேயே எழுத ஆரம்பித்தவர். நாங்கள் நாற்பது நிமிடத்தில் ஒரு ஸ்டோரியை முடிக்கிறோம்.

சார்லஸ் டார்வினும் இந்தப் புழுக்களின் ரசிகர் என்பது நான் எதிர்பார்க்காதது. பீகிள் கப்பல் பயணத்தில் பிரேசில் காட்டில் முதலில் இவற்றைப் பார்த்தார். தென் அரைக்கோளத்தில் மட்டும் 12 வகைகளைக் கண்டதாக எழுதியிருக்கிறார். தாஸ்மேனியாவில் பிடித்த சிலவற்றை, மக்கிய மரத்தோடு வைத்துக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் உயிரோடு வளர்த்தார். அதில் ஒன்றை இரண்டாக வெட்டினார். இரண்டு வாரத்தில் இரண்டு துண்டுகளும் முழுப் புழுவின் வடிவத்துக்கு வந்துவிட்டன. செத்தவுடன் உடல் கரைந்து கூழாகிவிடுவதால் பத்திரப்படுத்துவது பெரும்பாடு என்றும் குறைப்பட்டிருக்கிறார். வெட்டினால் வளரும், செத்தால் கரையும். அருங்காட்சியகக்காரர்களுக்கு இதைவிடத் தொல்லை பிடித்த உயிர் இருக்க முடியாது.

சரி, பெயருக்கு வருவோம்.

'ஒபாமா' என்பது இரண்டு சொற்கள். பிரேசிலின் பழங்குடி மொழியான டூப்பியில் 'ஓபா' என்றால் இலை, 'மா' என்றால் விலங்கு. இலைவிலங்கு! அகன்று, மெலிந்து, இலை மாதிரி இருக்கும் உடலுக்கு வைத்த பெயர். அமெரிக்க அதிபருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு கண்டங்களைச் சேர்ந்த இரண்டு சொற்கள், ஒரே ஓசையில் மோதிக்கொண்டன, அவ்வளவே.

இதைப் படித்துவிட்டு 'டூப்பியா, கேள்விப்பட்டதே இல்லையே' என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பாருங்கள், நாம் எல்லோரும் டூப்பி பேசுகிறவர்கள்தான். அன்னாசி என்கிறோமே, அது போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்த சொல். அவர்களுக்கு அதைக் கொடுத்தது டூப்பி-குவாரனி மக்களின் 'நானா'. தீபாவளிக்கு வாங்கும் காஜு கத்லியில் உள்ள காஜுவும் டூப்பி. மரவள்ளிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் டாப்பியோகாவும் டூப்பி. பிரான்ஹா மீனும் அங்கிருந்து வந்ததுதான். பிரேசில் கடற்கரை முழுக்கப் பேசப்பட்ட அந்தப் பழைய மொழி இப்போது புழக்கத்தில் இல்லை. அதன் வழிவந்த நியேங்கத்து என்ற மொழியை அமேசான் பகுதியில் இன்றும் பேசுகிறார்கள். ஒரு புழு அது பிறந்த மண்ணின் சொல்லாலேயே அழைக்கப்படுகிறது. ஆனால் உலகம் முழுக்க அதை வேறொருவர் பெயராகவே கேட்கிறது. எனக்கு இதில் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது. அதே 2013 கட்டுரையில் பரைரானா, கிராட்டெரா, மட்டுக்ஸியா, பராபா என்று இன்னும் நான்கு புதிய பேரினங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எந்தச் சித்தியும் வாட்ஸ்அப்பில் ஷேர் செய்யப் போவதில்லை.

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. உண்மையிலேயே அதிபர் ஒபாமாவின் பெயர் கொண்ட ஒரு தட்டைப்புழு இருக்கிறது! பாரக்ட்ரெமா ஒபாமாய். 2016-ல் விவரிக்கப்பட்டது, அதுவும் ஒரு புதிய பேரினம். மலேசிய நன்னீர் ஆமைகளின் ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணி. பெயர் வைத்தவர்களில் ஒருவரான தாமஸ் பிளாட், அதிபருக்குத் தூரத்துச் சொந்தம். கிண்டலுக்காக அல்ல, மரியாதைக்காகத்தான் வைத்தேன் என்று சொன்னவர். ஆக, அதிபரின் பெயர் கொண்டது ஆமைக்குள் இருக்கிறது. தரையில் ஊர்வது இலைவிலங்கு.

இதையெல்லாம் அக்காவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். ''அப்போ அதிபர் பேர்ல புழுங்கற தலைப்பு வேண்டாம்க்கா, பொய்யாயிடும்'' என்றேன். அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். ''ஒபாமான்னு இருந்தாதான் உள்ள வருவாங்க. புழுவோட பேரே அதுதானே, அதுல பொய் இல்லையே. உள்ள வந்ததும் உண்மையைச் சொல்லு'' என்றவர், அவரே ஒரு தலைப்பை டைப் செய்தார். நீங்கள் மேலே படித்த தலைப்பு அதுதான்.

விஞ்ஞானிகளும் இந்த விஷயத்தில் சளைத்தவர்கள் அல்ல. 2020-ல் பாரிஸ் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான்-லூ ஜஸ்டீன் குழு வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே 'ஒபாமா ஷே முவா' என்றுதான் தொடங்குகிறது. 'என் வீட்டில் ஒபாமா' என்று அர்த்தம். எங்கள் டெஸ்க்கில் அவருக்கு உடனே வேலை கிடைக்கும்.

அந்தக் கட்டுரை சொல்லும் சேதிதான் இந்தக் கதையின் கவலைக்குரிய பகுதி. 2008-ல் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் இடையே உள்ள குவெர்ன்சி தீவில் ஒரு புதுப் புழு தென்பட்டது. விரல் நீளம், பழுப்பு நிறம். பிறகு ஐரோப்பாவில் பல இடங்களில் தலைகாட்டியது. ஆரம்பத்தில் பிரேசிலின் ஒபாமா மார்மொராட்டாதான் இது என்று நினைத்தார்கள். டி.என்.ஏ.வையும் சீவல்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது வேறு என்று 2016-ல் உறுதி செய்து, ஒபாமா நுங்காரா என்று பெயர் வைத்தார்கள். டூப்பியில் 'நுங்காரா' என்றால் 'அதே மாதிரி' என்று பொருள். அச்சு அசல் இன்னொன்று போலவே இருந்து எல்லோரையும் குழப்பியதற்கு இதைவிட நல்ல பெயர் உண்டா?

ஐரோப்பாவுக்கு வந்த புழுக்களின் வேர் அர்ஜென்டினாவில் என்று டி.என்.ஏ. காட்டியது. ஆனால் ஊர்ந்து போய் யாரும் அட்லான்டிக்கைத் தாண்ட முடியாது. தொட்டிச் செடிகளின் மண்ணில் ஒளிந்து, விற்பனைச் சரக்கோடு சரக்காகப் போயிருக்கிறது. ஜஸ்டீன் பொதுமக்களிடம் 'பார்த்தால் படம் எடுத்து அனுப்புங்கள்' என்று கேட்டார். வீட்டுத் தோட்டக்காரர்கள் அனுப்பிய படங்கள் குவிந்தன. அவற்றை வரைபடத்தில் குறித்தபோது பிரான்ஸின் 96 மாவட்டங்களில் 72-ல் ஒபாமா நுங்காரா இருந்தது. கடலோரங்களில்தான் அதிகம். 500 மீட்டர் உயரத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை. அது தின்பது நத்தைகளை, பிறகு மண்புழுக்களை.

மண்புழு என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில் மண்புழு உரம் போடுகிறார். ஆறு சில்பாலின் தொட்டிகள், மேலே தென்னங்கீற்றுக் கூரை, மூடுவதற்கு ஈரச்சாக்கு. என் டிப்ளமோவின் கடைசி வருட ஃபீஸ் அந்தத் தொட்டிகளிலிருந்து வந்ததுதான். என் ஸ்டோரிகளில் அவர் முழுதாகப் படித்தது அநேகமாக இது ஒன்றுதான். அன்று இரவே போன்.

''ஏம் பாப்பா, அந்த ஒபாமா நம்ம தொட்டிக்கு வருமா?''

'வராதுப்பா' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். ஆனால் கேட்டவர் அப்பா. பதில் தப்பானால் போவது அவருடைய புழுக்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒபாமா நுங்காரா பரவிக் கிடப்பது ஐரோப்பாவில். ஆனால் மண்புழு தின்னும் தட்டைப்புழு அது ஒன்றுதான் என்றில்லை, சுத்தியல் தலைக்காரர்களுக்கும் அதுதான் பிடித்த சாப்பாடு. நியூஸிலாந்திலிருந்து போன ஒரு தட்டைப்புழு 1963-ல் பெல்ஃபாஸ்டில் முதலில் தென்பட்டது. அது பரவிய வடக்கு அயர்லாந்தின் புல்வெளியில் பிறகு நடந்த ஓர் ஆய்வு, மொத்த மண்புழு எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கிட்டது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, ''நர்சரியிலேருந்து கன்னு வாங்கிட்டு வந்தா தொட்டிக்குப் பக்கத்துல வைக்காதீங்கப்பா. பைக்கு அடியில பாருங்க. தட்டையா ஏதாவது கெடந்தா வெட்டிராதீங்க, ரெண்டாயிடும். உப்போ, கொதிக்கிற தண்ணியோ போட்டுருங்க, ஆனா உப்பைத் தொட்டிக்குள்ள கொட்டிராதீங்க'' என்றேன்.

அப்பா சிரித்தார். ''அது வெளிநாட்டுக்காரன்னு பயப்படுற. நம்ம தொட்டியில கெடக்குறவன் மட்டும் யாரு, ஆப்பிரிக்காக்காரன்தான?''

உண்மைதான். உரத்தொட்டிகளில் பரவலாக வளர்க்கப்படும் யூட்ரிலஸ் மண்புழு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இன்னொரு பிரபல வகையான ஐசீனியா ஐரோப்பாவைச் சேர்ந்தது. அப்பா அவற்றைப் பக்கத்து ஊரிலிருந்து அரிசிச் சாக்கில் சுமந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். புழுக்கள் கண்டம் தாண்டுவதில் நம்முடைய மடிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ''மழை விட்ட மறுநாள் சாக்கைத் தூக்குனா, அடியில வழவழன்னு ஒண்ணு ஒட்டிக் கெடக்கும். பல வருசமாப் பாக்குறேன். மண்புழு கிடையாது, அட்டையும் கிடையாது. தலையும் விரிஞ்சிருக்காது. யார்கிட்டக் கேக்குறது? என்னன்னு சொல்லிக் கேக்குறது? பேர் தெரிஞ்சாத்தான கேக்க முடியும்.''

பெயர் ஏன் முக்கியம் என்று நான் மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருந்ததை அப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிரான்ஸ் தோட்டக்காரர்களுக்கு ஒரு பெயரும், படத்தை அனுப்ப ஓர் ஆளும் இருந்தார்கள். அதனால்தான் அந்த வரைபடம் வந்தது. நம் பக்கத்துப் புழுக்களையும் ஆட்கள் பார்க்காமல் இல்லை. இலங்கையின் தட்டைப்புழுக்களை 1862-லேயே ஹம்பெர்ட் என்ற சுவிஸ்காரர் விவரித்தார். 1871-ல் சூரிய கிரகணம் பார்க்க இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர் மோஸ்லி, கிரகணத்தோடு இந்தப் புழுக்களையும் பார்த்து, அவற்றின் உடலமைப்பைப் பற்றி 1874-ல் விரிவாக எழுதினார். ஆனால் அப்பாவின் சாக்குக்கு அடியில் இருப்பது அவர்கள் பார்த்ததில் ஒன்றா, யாரும் சீவிப் பார்க்காத ஒன்றா? போனில் கேட்டுச் சொல்லக்கூடிய விஷயமில்லை அது.

போன ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. திங்கள் காலை ஆறரைக்கு அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். சாக்கின் நூல் தெளிவாகத் தெரிகிறது. அப்பாவின் கட்டைவிரல் தெரிகிறது. நடுவில் பழுப்பாக ஒரு கோடு, அது மட்டும் மங்கல்.

''தலைப்பக்கம் தெரியுற மாதிரி, பக்கத்துல ஒரு தீப்பெட்டிய வெச்சு இன்னொண்ணு எடுங்கப்பா'' என்று அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்துவிட்டது. சாக்கைத் தூக்கப் போயிருப்பார்.